காதில் விழாத குறி

இருதய அறுவை சிகிச்சை முன்னுரிமை வாரியத்தில் கம்ப்யூட்டருக்கு எழுதும் வரிகளைக்கூட வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும். சிரிக்காதீர்கள், அங்கே யாரும் சிரிப்பதில்லை. என்றைக்கோ ஒரு புண்ணியவான் யாரிடமும் சொல்லாமல் ஒரு வரியை மாற்றிவிட்டுப் போக, அன்றிலிருந்து "கேட்காத வரி ஓடக்கூடாது" என்று விதி போட்டுவிட்டார்கள். அந்த வாசகம் நுழைவாயிலில் பித்தளை எழுத்தில் பளபளக்கும். அதைத் துடைக்கத் தனியாக ஓர் ஆள் உண்டு.

ஒரு வாரம் விட்டு ஒரு வியாழக்கிழமை வாசிப்பு மன்றம் கூடும். வெண்கலம் என்று எல்லாரும் கூப்பிடும் தலைமை வாசிப்பாளர் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, ஸ்கிரிப்டை, அதாவது கம்ப்யூட்டர் ஓட்ட வேண்டிய அந்த வரிகளை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். தட்டச்சு அம்மா காதில் விழுந்ததைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். திங்கள் காலை ஒன்பதரை மணிக்கு அதே அம்மா பதிவேட்டைப் பார்த்து எண்பது வரியையும் புதிதாக அடிப்பார். பத்து மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடும், நோயாளிகளின் வரிசைப் பட்டியல் வந்து விழும். முதல் ஒன்பது பேருக்கு அந்த வாரம் அறுவை சிகிச்சை. பத்தாவது ஆளுக்கு அடுத்த வாரம், அதுவரை தாங்கினால்.

இந்த மகா சபைக்குத்தான் நம் ஆள் ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தான். ஸ்கிரிப்டில் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைக்க வந்தவன் என்பதால் முதல் நாளே அவனுக்கு ஒட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. பெயரா முக்கியம்? அவனுடைய அக்காவின் கோப்பு அந்த வாரியத்தில்தான் இருந்தது. அக்கா மார்க்கெட் வாசலில் சாவி வெட்டும் கடை வைத்திருந்தவள். இருதய வால்வு பழுதாகி, மூன்று படி ஏறினால் நான்காவது படியில் உட்கார்ந்துவிடுகிற நிலைமைக்கு வந்து, கடையை மூடியிருந்தாள்.

"மூணு மாசம்," என்றார் அவளைப் பார்த்த டாக்டர் அம்மா. "அதுக்குள்ள ஆபரேஷன் நடந்தாகணும். நான் ஸ்டார் போட்டுட்டேன். ஸ்டார் போட்டா முதல்ல வரணும்."

ஸ்டார் என்பது அவசரக் குறி. முன்பெல்லாம் டாக்டர்கள் கோப்பில் 'அவசரம்' என்றே எழுதுவார்கள். அந்தச் சொல் பீதியைக் கிளப்புகிறது என்று இயக்குநர் மூன்று வருடத்துக்கு முன் சுற்றறிக்கை விட்டார். இனி ஒரே ஒரு நட்சத்திரக் குறி போதும் என்றார். அந்தச் சுற்றறிக்கைக்கு எளிமைக்கான விருதுகூடக் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் திங்களே ஒட்டு பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தான். முதல் பக்கத்தில் அக்கா இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. கடைசிப் பக்கத்துக்கும் கடைசியில், 'குழப்பமான விண்ணப்பங்கள்' என்ற தலைப்பின் கீழே இருந்தாள். அவள் கோப்பு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக வாரியத்தில் இருந்த நானூற்றுச் சொச்சம் கோப்பு எண்களும் ஈ மொய்த்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவனுக்கு அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்கிரிப்டில் வேரியபிள் என்பது பெயர் எழுதிய டப்பா மாதிரி. டாலர் குறி போட்டுக் கூப்பிட்டால் டப்பாவுக்குள் இருப்பது வெளியே வரும். அக்காவின் குறிப்பு டப்பாவிலிருந்து வெளியே வந்தது ஒரு நட்சத்திரம். ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து ஓட்டும் ஷெல் என்ற அந்த எழவெடுத்த புரோகிராமுக்கோ நட்சத்திரம் என்றால் 'இந்த இடத்தில் இருக்கிற எல்லாரும் வாங்க' என்று அர்த்தம். எல்லாரும் வந்துவிட்டார்கள். இவ்வளவு நீள வரி குழப்பமானது என்று கம்ப்யூட்டர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. கூப்பிடுகிற டப்பாவைச் சுற்றி இரண்டு பக்கமும் இரட்டை மேற்கோள் குறி போட்டால் நட்சத்திரம் வெறும் நட்சத்திரமாகவே வரும். அவ்வளவுதான் வைத்தியம்.

ஆக, மூன்று வருடமாக அவசரம் என்று குறித்த அத்தனை பேரும் வரிசையின் வாலில் கிடந்திருக்கிறார்கள். ஏன் யாருமே கேட்கவில்லை என்று ஒட்டு தட்டச்சு அம்மாவிடம் விசாரித்தான்.

"ஒரு புகார்கூட வரலையே தம்பி," என்றார் அவர்.

வராது. புகார் கொடுக்க வேண்டியவர்கள் வரக்கூடிய நிலையில் இல்லை. ஆண்டறிக்கையில் இதை 'அவசர நோயாளிகளிடையே முழுத் திருப்தி' என்று போட்டிருந்தார்கள்.

ஒட்டு அன்று மாலையே மேற்கோள் குறிகளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அடுத்த திங்கள் ஒன்பதரைக்குத் தட்டச்சு அம்மா பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக அடித்ததில் அவை போன இடம் தெரியவில்லை. அக்கா மறுபடியும் வாலில். சரி, முறைப்படியே போவோம் என்று மன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினான். அது அவன் செய்த முதல் தப்பு.

வியாழக்கிழமை மன்றம் கூடியது. இயக்குநர் நடுநாற்காலியில் அமர்ந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய படமே மாட்டியிருந்தது. வெண்கலம் முதலில் பழைய வரியைப் படித்தார், பிறகு ஒட்டு எழுதிய புதிய வரியைப் படித்தார். மன்றம் கண்ணை மூடிக் கேட்டது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு," என்றார் இயக்குநர். "இன்னொரு தடவை படிங்க."

படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். என்ன குரல், என்ன ஏற்ற இறக்கம். மேற்கோள் குறி மட்டும் கேட்கவில்லை.

"சார், அது குறி சார். அதுக்குச் சத்தம் கிடையாது," என்றான் ஒட்டு.

இயக்குநர் புன்னகைத்தார். "தம்பி, நான் இந்த நாற்காலியில பதினோரு வருஷமா இருக்கேன். மாற்றம்னா காதுல விழணும். காதுல விழாத மாற்றத்த நான் அனுமதிச்சேன்னு வைங்க, நாளைக்கு நான் என்ன அனுமதிச்சேன்னு எனக்கே தெரியாமப் போயிடும். இப்ப மட்டும் தெரியுதான்னு கேக்காதீங்க. அது வேற."

மேசையைத் தட்டினார்கள். 'மாற்றம் ஏதும் இல்லாத மாற்றம், ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று பதிவாயிற்று. தட்டச்சு அம்மா கேட்டதை எழுதினார். குறி இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர்களுக்குக் காது நன்றாகவே கேட்டது, அதுதான் தொல்லை.

அடுத்த கூட்டத்துக்குள் ஒட்டு வெண்கலத்தின் வீடு வரை போய்க் கெஞ்சினான். "ஐயா, அந்த இடம் வரும்போது மேற்கோள் குறின்னு வாயால சொல்லிடுங்க. அது போதும்." வெண்கலம் சம்மதித்தார். சம்மதித்ததோடு நிற்காமல், கணீரென்று, சபை அதிர, வரியின் தலையிலும் வாலிலும் "மேற்கோள் குறி" என்று முழங்கினார். தட்டச்சு அம்மா அதையும் எழுதிக்கொண்டார். எழுத்தாலேயே எழுதிக்கொண்டார்.

திங்களன்று வந்த பட்டியலில் ஒவ்வொரு நோயாளியின் வரியும் 'மேற்கோள் குறி' என்று தொடங்கி 'மேற்கோள் குறி' என்று முடிந்தது. மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "மேற்கோள் குறி யாருங்க?" என்று கூப்பிட்டாள். காலையிலிருந்து காத்திருந்து களைத்துப் போயிருந்த ஒரு பெரியவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கையைத் தூக்கிவிட்டார். மனைவிக்குத் துணையாக வந்தவர் அவர். உள்ளே கூட்டிக்கொண்டு போய் நெஞ்சைத் திறந்து பார்த்தார்கள். இருதயம் கல்லுக்குண்டு போல இருந்தது. திரும்பத் தைத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டின் மிக வெற்றிகரமான சிகிச்சையாக அது வாரியத்தின் ஏட்டில் ஏறியது. அவர் மனைவி இன்னும் வரிசையில்தான் இருந்தாள்.

வீட்டில் அக்கா இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு இந்தக் கதையைக் கேட்டாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க ஐந்து நிமிடம் பிடித்தது.

"ரெண்டு புள்ளி போடறதுக்கு இவ்ளோ கூத்தாடா," என்றாள். "என்கிட்ட விட்டிருந்தா அரத்தை எடுத்து ராவிப் போட்டிருப்பேன்."

"சும்மா இருக்கா. மூச்சு வாங்குது பாரு."

"அது எப்பவும் வாங்குறதுதான். நீ சொல்லு. அந்தப் பெரியவர் என்ன ஆனாரு?"

மூன்றாவது கூட்டத்துக்கு ஒட்டு ஒரு யோசனையோடு போனான். குறி வரும் இடத்தில் ஒரு மணி அடித்தால் என்ன? ஒற்றை மேற்கோளுக்கு ஒரு மணி, இரட்டைக்கு இரண்டு. இயக்குநருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப் போயிற்று. ஏனென்றால் மணி வாங்க வேண்டும், வாங்குவதற்குக் குழு போட வேண்டும், திறப்பு விழா வைக்க வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தது. அக்காவின் கோப்பு நகர மூன்று வருடம் ஆகும் அந்தக் கட்டடத்தில் மணி ஏழே நாளில் வந்து இறங்கியது. இயக்குநர் நாடா வெட்டினார்.

"இதுவரைக்கும் இந்த வாரியம் பேச்ச மட்டும்தான் கேட்டுது," என்றார் விழாவில். "இனிமே பேசாததையும் கேக்கும். நோயாளிங்க பேசாததையும் ஒரு நாள் கேப்போம். அதுக்குத் தனியா ஒரு மணி வாங்கணும்."

மணி அடிக்க ஓய்வுபெற்ற காவலாளி ஒருவரை வைத்தார்கள். அவர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இரண்டு முறை ஓங்கித்தான் அடித்தார். ஆனால் பதிவேட்டுக்கு ஒரு சிக்கன விதி இருந்தது. ஒரே பேச்சு அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் ஒரு முறை எழுதினால் போதும் என்பது அந்த விதி. தட்டச்சு அம்மா இரண்டு மணியை ஒரு மணியாகப் பதிந்து, ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டார்.

ஒற்றை மேற்கோளின் குணமே வேறு. அதற்குள் போன டப்பாவை யாரும் திறக்க மாட்டார்கள், டாலர் போட்டுக் கூப்பிட்டாலும் சரி. மேலே எழுதிய பெயர்தான் வரும். அந்தத் திங்கள் நானூறு வரியும் அச்சு மாறாமல் ஒன்றாகவே வந்தது. டாலர் கோப்பு, டாலர் குறிப்பு. டாலர் கோப்பு, டாலர் குறிப்பு. மருத்துவமனையில் அந்தப் பெயரில் யாரும் கையைத் தூக்கவில்லை, பெரியவர் சம்பவத்துக்குப் பிறகு எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். ஒன்பது அறுவை சிகிச்சை மேசைகளும் ஒரு வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்தன. டாக்டர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இயக்குநர் பட்டியலைப் பார்த்து நெகிழ்ந்தே போய்விட்டார். "பதினோரு வருஷத்துல முதல் தடவையா நம்ம வரிசையில முன்ன பின்னங்கிற பேதமே இல்ல," என்றார். அதைச் சட்டம் போட்டு மாட்டவும் சொன்னார். ஒட்டு கூச்சல் போட்டதில் பழைய ஸ்கிரிப்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அக்காவின் கால் வீங்கிவிட்டது, செருப்பு ஏறவில்லை. ஒட்டுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. உட்கார்ந்து யோசித்தவனுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. வினையே அந்த நட்சத்திரத்தால்தான். அது இல்லாவிட்டால் அக்கா சாதாரண நோயாளி, விண்ணப்பித்த தேதிப்படி வரிசையில் நிற்பாள். கணக்குப் போட்டுப் பார்த்தான். ஏழாவது இடம். ஒன்பதுக்குள் ஏழு!

ஓட்டமாய் ஓடி டாக்டர் அம்மாவிடம் போய் நின்றான். "டாக்டர், அந்த ஸ்டாரை அழிச்சிடுங்க."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அக்கா நிலைமை தெரிஞ்சுதான் பேசுறீங்களா? இப்ப எனக்கு வாய்ப்பிருந்தா ரெண்டு ஸ்டார் போடுவேன்."

"அவசரம்னு சொன்னா கடைசியில வைக்கிறாங்க டாக்டர். ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

டாக்டர் அம்மா கோப்பை இழுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பிறகு அழித்தார். மறுநாளே வாரியத்திலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் உடல்நிலை தேறியதற்கு வாழ்த்துகள்' என்று அதில் இருந்தது. அக்கா அதை விசிறியாக மடித்துக்கொண்டாள். அன்றிரவு ஒட்டு பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான். வரும் திங்கள் ஏழாவது பெயர் அவளுடையது.

நடுவில் ஒரு வியாழன் இருந்தது.

அவன் அதற்கு ஒன்றும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் வாரியம் எதையும் மறப்பதில்லை. நிலுவை என்ற தலைப்பில் அவனுடைய பழைய விண்ணப்பம் தானாகவே வந்து நின்றது. ஒன்பது மேசை காலியாகக் கிடந்ததை மேலிடம் கேட்டிருந்ததால் சிக்கன விதியைத் திருத்தியிருந்தார்கள். இனி இரண்டு மணி என்றால் இரண்டு. வெண்கலம் படித்தார். காவலாளி இரண்டு முறை அடித்தார். வரி முடிந்ததும் மறுபடி இரண்டு முறை அடித்தார். தட்டச்சு அம்மா இரட்டை மேற்கோள் குறியை அழகாகப் போட்டு முடித்து, தலையை நிமிர்த்தி ஒட்டைப் பார்த்துச் சிரித்தார். நல்ல அம்மா. அவனுக்காக மெய்யாகவே சந்தோஷப்பட்டார்.

நட்சத்திரம் போட்டவர்களில் இன்னும் உயிரோடு அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். குறி வேலை செய்தால் அத்தனை பேரும் அக்காவுக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஏழு அறுபத்தொன்பது ஆகும். எட்டு வாரம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவன் மணியும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தான்.

எழுந்து நின்றான். "சார், இதை ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா?"

மன்றம் திரும்பிப் பார்த்தது.

"என்ன தம்பி, நீங்க கேட்டதுதானே?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். ஒரே வாரம். வர்ற திங்கள் மட்டும் பழையபடி ஓடட்டும். எங்க அக்கா ஏழாவது இருக்காங்க. ஸ்டாரை அழிச்சிட்டோம்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் தணிந்து, அன்பாகவே பேசினார். "அறுபத்திரண்டு பேரு சாகக் கெடக்காங்க. மூணு வருஷமா நம்ம தப்பால கெடக்காங்க. அவங்கள இன்னும் ஒரு வாரம் கெடங்கன்னு சொல்லிட்டு, உங்க அக்காவ முன்னாடி விடணும். அதத்தான கேக்குறீங்க?"

அந்த மன்றத்தில் பதினோரு வருடத்தில் யாரும் பேசிய நியாயமான பேச்சு அது ஒன்றுதான். அது வந்து விழுந்தது இவன் தலையில். ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவும் சொன்னான்.

"ஆமா சார். அதத்தான் கேக்குறேன்."

"பதிவு பண்ணிக்குங்கம்மா," என்றார் இயக்குநர். தட்டச்சு அம்மா தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

ஒட்டு மறுபடி டாக்டர் அம்மாவிடம் ஓடினான். அழித்த நட்சத்திரத்தைத் திரும்பப் போடச் சொன்னான். அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டிருந்தது. அறுபத்திரண்டு என்ற எண்ணைக் கண்டு வாரியம் பயந்துபோய், பழைய நட்சத்திரங்கள் தீரும் வரை புது நட்சத்திரம் கிடையாது என்று அறிவித்திருந்தது. டாக்டர் அம்மா அந்தத் தாளை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

திங்களன்று ஸ்கிரிப்ட் எள்ளளவும் பிசகாமல் ஓடியது. ஒட்டைப்போல வேலைக்காரன் உண்டா என்று பாராட்டினார்கள். அடைக்க இனி ஓட்டை ஒன்றும் இல்லை என்பதால் மாதக் கடைசியோடு அவனுடைய ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மன்றத்தில் எழுந்து நின்று கேட்டதைச் சொல்லும்போது அழுதுவிட்டான்.

"அப்ப அவங்களுக்கெல்லாம் நடக்குதா?" என்றாள் அக்கா.

"நடக்குதுக்கா. வாரத்துக்கு ஒன்பது."

"நல்லதுதான்." மூச்சை இழுத்துப் பிடித்து அடுத்த சொல்லைத் தேடினாள். "எனக்குக் கோவமா வருதுடா. நல்லதுன்னு தெரியுது, கோவமாவும் வருது. நீ ஒரு வாரம் கழிச்சு புத்திசாலியா இருந்திருக்கலாம்."

ஆறாவது வாரம் புதன்கிழமை மதியம் அக்கா இறந்துபோனாள். கோப்பு அன்றே மூடப்பட்டது. இப்போதெல்லாம் வாரியத்தில் எந்த வேலையும் நிலுவை நிற்பதில்லை.

எட்டாவது திங்களன்று ஒட்டு, அவளுடைய பழைய மருத்துவச் சீட்டுகளை வாங்கிவர வாரியத்துக்குப் போனான். கீழே அறிவிப்புப் பலகை முன்னால் ஒரு பெண் பட்டியலை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் கழுத்தில் பழைய அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்திடுச்சுங்க. அடுத்த வாரம்தான் வரும்னு நெனச்சோம். அது வரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க நல்லா இருக்கணும். எப்படிங்க ஒரு வாரம் முன்னாடியே வந்துச்சு?"

ஒட்டு பலகையைப் பார்த்தான். மேலிருந்து கீழே ஒருமுறை எண்ணினான்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு ஆள் குறைஞ்சாங்க," என்றான். "போய்ச் சீக்கிரம் சேத்துடுங்க."